இடது பக்க சீட்

"கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன்."

பாவூர்சத்திரத்தில் ஒரு தடவை சொன்னதுதான். ஆலங்குளம் தாண்டியதும் டீச்சர் மறுபடி சொன்னார். அண்ணாச்சி ஸ்பீடாமீட்டரைப் பார்த்தார். முள் நாற்பதைத் தொட்டும் தொடாமலும் ஆடிக்கொண்டிருந்தது. இதற்கு மேல் மெதுவாகப் போனால், பின்னால் ஜல்லி ஏற்றி வருகிற டிப்பர் லாரிக்காரன் ஹாரனாலேயே தூக்கி ஓரத்தில் வைத்துவிடுவான்.

"நாப்பதுலதான போறேன்? ரோடு அப்படிக் கெடக்கு. நான் என்ன செய்ய முடியும்?"

டீச்சர் பதில் சொல்லவில்லை. வலது கையைச் சீட்டில் ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடியே மிச்ச தூரத்துக்கும் வந்தார். திருநெல்வேலியில் ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்திய பிறகும் இரண்டு நிமிடம் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

2022-ஆம் வருடம் அது. தென்காசி–திருநெல்வேலி சாலையை நான்குவழியாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் புதுத் தார், அடுத்த இடத்தில் ஜல்லி, அதற்கடுத்து மாற்றுப்பாதை என்று போர்டு வைத்த மண் ரோடு. போக ஏறக்குறைய 55 கிலோமீட்டர். டீச்சருக்கு இடுப்புப் பக்கம் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவே ஜவ்வு பிதுங்கியிருந்தது. ஆபரேஷன் வேண்டாம், உடற்பயிற்சியும் மருந்தும் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். அதைவிட முக்கியமான விஷயம், பாளையங்கோட்டையில் கட்டிக்கொடுத்த மகளுக்கு அப்போது ஆறு மாதம். தலைப்பிரசவம்.

அண்ணாச்சிக்குத் தென்காசியில், பெரிய கோயிலுக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை. ஊரில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான். அவர் மனைவி நர்சரி பள்ளியில் இருபது வருடம் வேலை பார்த்தவர் என்பதால் தெருவுக்கே டீச்சர். கார், 2009-ஆம் வருடத்து மாருதி ஆல்டோ. 2014-ல் இரண்டாம் கையாக வாங்கியது. இன்ஜினில் ஒரு குறையும் கிடையாது. ஆயில் மாற்றத் தவறமாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் கையாலேயே கழுவுவார். 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது டீச்சர் காரில் ஏறவில்லை. பஸ்ஸில் போகலாம் என்றார். முதுகுவலிக்காரி பஸ்ஸில் போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? அண்ணாச்சி அதைக் கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டார்.

"பஸ்ல நடு சீட்டு கெடைச்சா எனக்கு ஒண்ணும் தெரியலங்க" என்றார் டீச்சர்.

அதில் குத்தல் எதுவும் இல்லை, நிஜம்தான். பஸ்ஸில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் சீட்டுகளில் தூக்கிப்போடுவது குறைவு. கடைசி சீட்டில் உட்கார்ந்து ஒரு வேகத்தடையைக் கடந்தவர்கள் யாரும் இதற்கு விளக்கம் கேட்க மாட்டார்கள். ஆனால் சொந்தக் கார் வாசலில் நிற்க, மனைவி பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்துப் போவது அண்ணாச்சிக்கு என்னவோ செய்தது. பக்கத்துக் கடைக்காரர் வேறு, "என்ன அண்ணாச்சி, டீச்சர் பஸ்ல போறாவ?" என்று கேட்டுவைத்தார்.

ஆவணி கடைசியில் சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்தது. ஐப்பசியில் வளைகாப்பு. அன்றைக்கே மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்துவிட வேண்டும். போனை வைத்ததும் டீச்சர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"அவளை நம்ம கார்ல கூட்டிட்டு வரவேண்டாம். டாக்ஸி சொல்லிருங்க."

அன்று ராத்திரி அண்ணாச்சி சரியாகத் தூங்கவில்லை.

புதுக் கார் வாங்குகிற நிலைமை இல்லை. விசாரிக்காமலும் இல்லை. ஷோரூமில் பழைய காருக்குச் சொன்ன விலையையும், மாதத் தவணையையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து, கல்லாப்பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார். பிரசவச் செலவுக்கென்று ஒதுக்கியது போக அவரால் எடுக்க முடிந்தது 15,000 ரூபாய். அதற்குள் இந்தக் காரை 'மெத்து மெத்து' என்று ஆக்கிவிட வேண்டும்.

கடையில் ஆளில்லாத மத்தியான நேரங்களில் யூடியூப் பார்க்க ஆரம்பித்தார். உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்பிரிங், நீலக் கலரில் ஷாக் அப்சார்பர், பெரிய டயர், அலாய் வீல். ஒரு வீடியோவில் காட்டிய செட்டின் விலை அவருடைய காரையே விற்றாலும் வராது. கடைசியில் கைக்கு எட்டின விலையில் ஒன்று கிடைத்தது. ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே சொருகுகிற ரப்பர் வளையம். 'பழைய கார் புதுசாகிவிடும்' என்று போட்டிருந்தது. திருநெல்வேலியில் ஒரு கடையில், முன் சக்கரம் இரண்டுக்கும் சேர்த்து 1,600 ரூபாய். பத்து நிமிடத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். காரின் மூக்கு கொஞ்சம் நிமிர்ந்ததுபோலத் தெரிந்தது. அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். டீச்சரைக் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றினார்.

பாவூர்சத்திரத்தில் டீச்சர் இறங்கிவிட்டார். பஸ் ஸ்டாப்பில் போய் நின்றுகொண்டார்.

அந்த ரப்பரைக் குறை சொல்லி என்ன பயன்? நிறைய ஆட்களையும் சுமையையும் ஏற்றி, பள்ளத்தில் அடி தட்டுகிற காருக்கு அது உதவும். சுற்றுக்கு நடுவில் ரப்பர் வந்தால் ஸ்பிரிங் அந்த இடத்தில் அமுங்காது. அதனால் மொத்த ஸ்பிரிங்கும் விறைப்பாகும். தூக்கிப்போடுகிறது என்று வருந்துகிற ஆளுக்கு விறைப்பைக் கூட்டிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? பல் வலிக்கிறது என்கிறவருக்கு முறுக்கு கொடுத்த கதைதான்.

இதற்குப் பிறகுதான் அவர் பாயிடம் போனார்.

இலஞ்சி ரோட்டில் ஒரு வேப்பமரத்தடியில் பாயின் ஒர்க்‌ஷாப். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அம்பாசடர் கார்களுக்குப் பின்னால் ஸ்பிரிங் பட்டை மாற்றிய காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கிறவர். கம்ப்யூட்டர், ஸ்கேனர் எதுவும் கிடையாது. முதலிலேயே அவரிடம் போயிருக்கலாம். ஆனால் இன்ஜின் வேலை என்றால்தான் மெக்கானிக், மற்றதெல்லாம் ரோட்டின் கோளாறு என்கிற எண்ணம் அண்ணாச்சிக்கு மட்டுமா இருக்கிறது?

"என்ன அண்ணாச்சி, என்ன செய்யுது வண்டி?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு பாய். ரோடுதான் சரியில்ல. டீச்சருக்கு முதுகு வேற..."

பாய் கேட்டுக்கொண்டே காரின் வலது முன்பக்கத்தில் இரண்டு கையையும் வைத்து அழுத்தி, பட்டென்று எடுத்தார். கார் மேலே எழும்பி, ஒரு முறை இறங்கி, நின்றுவிட்டது. இடது முன்பக்கத்துக்கு வந்தார். அதே மாதிரி அழுத்திவிட்டார். எழும்பியது, இறங்கியது, எழும்பியது, இறங்கியது. தலையாட்டிப் பொம்மை மாதிரி மூன்று ஆட்டம் ஆடி அடங்கியது.

"சாவியைக் குடுங்க. நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க."

கடைக்கு சரக்கு எடுக்க, டாக்டரிடம் போக, கல்யாண வீடுகளுக்குப் போக, குற்றாலத்தில் சாரல் விழுந்தால் சும்மா ஒரு சுற்று சுற்றி வர என்று எட்டு வருடமாக அந்தக் காரை ஓட்டுகிறார் அண்ணாச்சி. ஆனால் அந்தக் காரின் இடது பக்க சீட்டில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. வேறு யாருக்கும் அவர் சாவி கொடுத்ததில்லை. உட்கார வேண்டிய அவசியமும் வரவில்லை.

இலஞ்சி ரோட்டில் ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்கமாட்டார்கள். காலுக்கடியில் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல 'டொக்' என்றது. பெரிய பள்ளம்கூட இல்லை. தார் பெயர்ந்த ஒரு திட்டு. தரையிலிருந்து சீட்டுக்கு, சீட்டிலிருந்து இடுப்புக்கு நேராக ஏறியது. அடுத்த திட்டில் 'டொக் டொக்'. பாய் வேண்டுமென்றே இடது சக்கரத்தைத் தார் ஓரத்திலிருந்து மண்ணில் இறக்கி ஏற்றினார். அண்ணாச்சி தன்னை அறியாமல் வலது கையைச் சீட்டில் ஊன்றி, உடம்பைத் தூக்கிப் பிடித்தார்.

அப்படிப் பிடித்த பிறகுதான் அது யாருடைய பழக்கம் என்று அவருக்கு உறைத்தது.

"டீச்சர் இந்தச் சத்தத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?" என்று பாய் கேட்டார்.

சொல்லியிருந்தார். ஒரு வருடத்துக்கு முன்னாலேயே. 'கீழ ஏதோ தட்டுற மாதிரி சத்தம் கேக்கே' என்று. 'டிக்கியில சாமான் உருளுது' என்று அண்ணாச்சிதான் முடித்துவைத்தார்.

ஓட்டுகிறவருக்கு இது தெரியாமல் போவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவர் கையில் ஸ்டியரிங் இருக்கிறது, காலில் பிரேக் இருக்கிறது. வருகிற பள்ளம் கண்ணில் பட்ட உடனேயே உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிறது. பக்கத்தில் இருப்பவருக்குப் பள்ளம் வந்து விழுந்த பிறகுதான் தெரியும். நம் ஊர் ரோடு பள்ளத்தை எங்கே வைத்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். தார் பெயர்வது பெரும்பாலும் இடது ஓரத்தில். எதிரே பஸ் வந்தால் மண்ணில் இறங்குவது இடது சக்கரம். நடுவில் குழி இருந்தால் தன் பக்கத்துச் சக்கரத்தை அதிலிருந்து காப்பாற்றி ஓட்டுவதும் ஓட்டுநரின் கை தானாகச் செய்கிற காரியம். எட்டு வருட அடியை முக்கால்வாசி வாங்கியது அந்த இடது முன்சக்கரம்தான். அதன் தலைக்கு மேல்தான் டீச்சர் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

திரும்பி வந்து ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார்கள். முதலில் கண்ணில் பட்டது புது ரப்பர் வளையம்.

"இதை எவன் வச்சான்?"

"நான்தான் பாய்."

பாய் ஒன்றும் சொல்லாமல் அதை உருவி, ஓரமாகப் போட்டார்.

இடது ஷாக் அப்சார்பரின் உடம்பு முழுக்க எண்ணெய் கசிந்து, புழுதி ஒட்டிக் களிம்பாகியிருந்தது. ஸ்பிரிங்குக்கு உள்ளே, கடைசி அடியைத் தாங்குவதற்கென்று இருக்கும் ரப்பர் கட்டையைத் தொட்டபோது வறுத்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. மேலே, பானெட்டுக்கு அடியில் ஷாக்கைப் பிடித்திருக்கும் மவுண்ட் ரப்பரில் விரல் போகிற அளவுக்கு வெடிப்பு. சக்கரத்தைக் கீழே தாங்குகிற லோயர் ஆர்மின் புஷ் கிழிந்து, இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருந்தன. அந்த 'டொக்' சத்தத்துக்கு இவ்வளவு பேர் சொந்தக்காரர்கள்.

"ஸ்பிரிங் மாத்தணுமா பாய்?"

"ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு. அது என்ன செய்யும் பாவம்."

பாய் அதற்குச் சொன்ன விளக்கம் நன்றாக இருந்தது. ஸ்பிரிங் என்பது பிள்ளைத் தொட்டில் மாதிரி. கனத்தைத் தாங்குவது அதுதான். ஒரு தட்டு தட்டினால் ஆடும். ஆட்டத்தை நிறுத்த அதற்குத் தெரியாது. தொட்டிலைப் பிடித்து நிறுத்துகிற கைதான் ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய் இருக்கிறது. தண்டு மேலும் கீழும் போகும்போது அந்த எண்ணெய் சின்னச் சின்னத் துவாரங்கள் வழியாக நெருக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த நெருக்கடியில் ஆட்டத்தின் வேகம் சூடாக மாறிக் கரைந்துவிடுகிறது. மோசமான ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து கைவைத்துப் பார்த்தால் ஷாக்கின் உடம்பு சுடும். சுடவே இல்லை என்றால் அது வேலை பார்ப்பதை நிறுத்திவிட்டது. நின்றால், முதுகு மட்டுமல்ல, பிரேக்கும் கெடும். துள்ளுகிற சக்கரம் ரோட்டைப் பிடிக்காது. பிரேக் போட்டால் கார் நிற்க இன்னும் கொஞ்ச தூரம் கேட்கும்.

ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தண்டாக நிற்கிற இந்த அமைப்புக்கு மக்ஃபெர்சன் ஸ்ட்ரட் என்று பெயர். 1940-களில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் ஏர்ல் மக்ஃபெர்சன் என்கிற பொறியாளர், விலை குறைந்த ஒரு சின்னக் காருக்காக யோசித்த வழி இது. அந்தக் கார் விற்பனைக்கே வரவில்லை. அவர் ஃபோர்டுக்குப் போனார். 1950-ல் இங்கிலாந்து ஃபோர்டின் கான்சல், செஃபிர் கார்களில் அவருடைய அமைப்பு வந்தது. இன்று உலகத்தில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் இருப்பது அதுதான். பட்ஜெட்டுக்குள் அடக்கப் பார்த்த ஒருவரின் கண்டுபிடிப்பு, 15,000 ரூபாயோடு வந்து நின்ற அண்ணாச்சியின் காருக்கு அடியிலும் தொங்கிக்கொண்டிருந்தது.

15,000-ல் ஏற்கெனவே 1,600 போய்விட்டது. மீதி 13,400. அண்ணாச்சி தன் கணக்கைத் தொடங்கினார். வலது பக்கம் ஒரு ஆட்டத்தில் நிற்கிறதே, இடதை மட்டும் மாற்றினால் போதாதா?

"ஒரு கால்ல புதுச் செருப்பு, ஒரு கால்ல பழசு போட்டு நடப்பியளா? பிரேக் போட்டா ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேற மாதிரி உக்காரும். ஜோடியாத்தான் மாத்தணும்."

சரி, பழைய ஷாக்கிலேயே எண்ணெய் மாற்றி ரீகண்டிஷன் செய்து தருகிறார்களாமே, பாதி விலையில்? பாய் தலையை ஆட்டினார். இரண்டு மாதம் வரும், மூன்றாவது மாதம் திரும்பக் கசியும், கழற்றி மாட்டுகிற கூலி இரண்டு தடவை ஆகும். அங்கே மிச்சம் பிடிக்க விடமாட்டேன் என்றார். ஆனால் அண்ணாச்சி எதிர்பார்க்காத இடத்தில் அவரே மிச்சம் பிடித்துக் கொடுத்தார். லோயர் ஆர்மை முழுசாக மாற்றினால் ஜோடிக்கு 1,900 ரூபாய். பிடித்து ஆட்டிப் பார்த்தார். பந்துக் கிண்ண மூட்டில் லொடலொடப்பு இல்லை. அப்படியானால் ஆர்ம் இருக்கட்டும், புஷ்ஷை மட்டும் பிரெஸ்ஸில் கொடுத்து அடித்துக்கொள்ளலாம், 600-ல் முடியும் என்றார். புது ஸ்ட்ரட் ஒரு ஜோடி 3,600. மேல் மவுண்ட் இரண்டும் பேரிங்கோடு 1,300. நொறுங்கிப்போன ரப்பர் கட்டைக்கும் தூசி உறைக்கும் 400. ஸ்டெபிலைசர் புஷ் 350. கூலி 2,000. எல்லாம் முடிந்த பிறகு வீல் அலைன்மென்டுக்கும் பேலன்ஸிங்குக்கும் 650. ஆக மொத்தம் 8,900.

"பின்னாடி ஷாக்கையும் சேத்து மாத்திருவோமா பாய்? துட்டு இருக்கு."

"பின்னாடி இப்பம் அவசரம் இல்ல. மீதியை வச்சிருங்க. வண்டி கேக்கும்போது குடுக்கலாம்."

கையில் இருக்கிற காசைச் செலவழிக்க விடாத மெக்கானிக்கை அண்ணாச்சி அன்றுதான் பார்த்தார்.

அடுத்து பாய் செய்த இரண்டு காரியத்துக்குக் காசே ஆகவில்லை. டயரில் காற்று பார்த்தார். கதவுக்குப் பக்கத்து ஸ்டிக்கரில் போட்டிருந்ததைவிட ஏழு பவுண்டு அதிகம். 'நல்லா கல்லு மாதிரி அடிச்சு விடுப்பா' என்று பெட்ரோல் பங்க்கில் சொல்லி அடித்த காற்று. டயரும் ஒரு ஸ்பிரிங்தான். கல் மாதிரி அடித்தால் கல் மாதிரித்தான் நடந்துகொள்ளும். பிறகு டிக்கியைத் திறந்தார். உள்ளே நாலு பெட்டி ஏ4 பேப்பர். பெட்டிக்கு 12 கிலோ என்று வைத்தாலும் அரை மூட்டை அரிசிக்குப் பக்கத்தில் வருகிறது. கடையில் இடம் இல்லை என்று நாலு மாதமாக டிக்கியை குடோனாக வைத்திருந்தார் அண்ணாச்சி.

"டீச்சர் முதுகோட இதையும் சேத்து சொமக்குது வண்டி" என்றார் பாய்.

இரண்டு நாள் வேலை. அண்ணாச்சி கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு, வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்கிற இரும்புக் கொக்கிகளை இரண்டு பக்கமும் மாட்டி, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார் பாய். வேலை பழகுகிற பையன் எட்டிப் பார்க்க வந்தபோது, அதுவரை குரலே உயர்த்தாத மனிதர், "ஏலே, நேர நிக்காதல!" என்று அதட்டினார். அமுக்கி வைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொன்றுவிடும். வீட்டு வாசலில் யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை அல்ல அது.

புஷ் மாட்டிய பிறகு இன்னொரு சங்கதி. போல்ட்டுகளைப் பாய் பாதிதான் முடுக்கினார். ஜாக்கியை இறக்கி, கார் தன் கனத்தோடு சக்கரத்தில் நின்ற பிறகு, மண்ணில் மல்லாந்து படுத்து உள்ளே போய் மீதியை முடுக்கினார். சக்கரம் தொங்கும்போதே முழுசாக முடுக்கிவிட்டால், கார் இறங்கியதும் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். அறுபது வயதுக்கு மேல் இந்த ஒரு காரியத்துக்காகத் தரையில் படுத்து எழுந்திருக்கிறார். படுக்காமல் முடுக்கியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

வேலை முடிந்ததும் அண்ணாச்சி சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். "ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம் பாய்" என்றார்.

அதே இலஞ்சி ரோடு. அதே திட்டு. குழி குழியாகத்தான் இருந்தது, அதில் ஒன்றும் மாற்றம் இல்லை. சக்கரம் இறங்கியது தெரிந்தது, ஏறியது தெரிந்தது, அவ்வளவுதான். சுத்தியல் இல்லை.

டீச்சரை ஏற்றுவது இவ்வளவு சுலபமாக இல்லை. ரப்பர் வளையம் போட்ட அன்றைக்கும் இப்படித்தானே சொன்னீர்கள் என்றார். நியாயமான கேள்வி. குற்றாலம் வரைக்கும் மட்டும், ஐந்தே கிலோமீட்டர், பிடிக்கவில்லை என்றால் ஆட்டோவில் திரும்பிவிடலாம் என்று பேரம் பேசி முடிவானது. டீச்சர் முதுகுக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, வலது கையைச் சீட்டில் ஊன்றியபடி உட்கார்ந்தார். அண்ணாச்சி ரோட்டைப் பார்த்ததைவிட அந்தக் கையைத்தான் அதிகம் பார்த்தார். மேலகரம் வரைக்கும் ஊன்றியபடியே இருந்தது. அதற்குப் பிறகு எப்போது மடிக்குப் போனது என்று அவர் கவனிக்கவில்லை. எதிரே ஒரு வேன் வந்துவிட்டது.

முதுகுவலி போய்விட்டது என்றெல்லாம் சொல்ல முடியாது. பிதுங்கிய ஜவ்வுக்கு ஷாக் அப்சார்பரில் மருந்து இல்லை. உடற்பயிற்சியை விட்டால் இன்றைக்கும் டீச்சருக்கு வலி வருகிறது. அரை மணிக்கு ஒரு தடவை காரை நிறுத்தி இறங்கி நடக்க வேண்டும் என்பதும் அப்படியே இருக்கிறது. ஆனால் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடிப்பது நின்றது.

ஐப்பசியில் வளைகாப்பு முடிந்து, மகளை அழைத்துக்கொண்டு கிளம்பும்போது மத்தியானம் மூன்று மணி. கண்ணாடி வளையல் கை நிறைய. முன் சீட்டில் மகள் உட்கார்ந்தாள். சீட்டைப் பின்னால் தள்ளி, பெல்ட்டின் கீழ்ப்பட்டையை வயிற்றுக்குக் கீழே இடுப்போடு ஒட்டி அமையும்படி டீச்சரே போட்டுவிட்டார். பின் சீட்டில் டீச்சரும், தட்டுகளும், ஏழு வகைச் சாதம் மீந்த தூக்குவாளிகளும். காலையில்தான் மழை பெய்து ஓய்ந்திருந்தது. பேட்டை தாண்டியதும் மாற்றுப்பாதையில் தண்ணீர் தேங்கி, எது பள்ளம் எது ரோடு என்று தெரியாமல் கிடந்தது. அண்ணாச்சி இருபதிலேயே ஓட்டினார். மகள் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில்கூட நிறுத்திப் பேசவில்லை.

சீதபற்பநல்லூர் பக்கம் வந்தபோது பின்னாலிருந்து டீச்சரின் குரல் வந்தது.

"ஏங்க, பின்னாடி ஏதோ சத்தம் வருது. வலது பக்கம்."

தூக்குவாளி உருள்கிறது என்று சொல்ல அண்ணாச்சிக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. ரேடியோவை நிறுத்தினார். அடுத்த குழியில் காதைக் கொடுத்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு குழி. ஒன்றும் இல்லை. காரை ஓரம் கட்டி நிறுத்தி, பாய்க்குப் போன் போட்டார்.

"எப்பம் வருது சத்தம்? குழியில எறங்கும்போதா, ஏறும்போதா?"

"எனக்குக் கேக்கல பாய். டீச்சர்தான் சொல்லுதாவ."

"அப்பம் உங்ககிட்ட என்ன பேச்சு? போனை டீச்சர்ட்ட குடுங்க."

அண்ணாச்சி போனைப் பின்னால் நீட்டினார். டீச்சர் வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "டொக்குன்னு இல்ல பாய். கிரீச்சுன்னு. எறங்கும்போது வரல. ஏறி முடிக்கையில வருது."